சால்மனுக்கு எந்த ஃப்ளை? முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள்

ஸ்காட்லாந்தின் டீ ஆற்றங்கரையில் சால்மன் மீன் பிடிக்க முதன்முதலாக நின்ற அன்று என் பெட்டியில் 83 ஃப்ளைகள் (தூண்டிலில் கட்டும் போலி இரைகள்) இருந்தன. மாத்திரை எண்ணியே பழகிய கை, அவற்றையும் எண்ணி வைத்திருந்தேன். அந்தக் கரைப்பகுதியின் கில்லி பெட்டியை வாங்கிப் பார்த்தார். (ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அறிந்து, மீன்பிடிக்க வருபவர்களுக்கு வழிகாட்டும் ஆளுக்கு ஸ்காட்லாந்தில் அதுதான் பெயர், நம் கில்லி விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) ஒரு நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. பிறகு இரண்டை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பெட்டியை மூடி, "இதைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். இரண்டும் ஒரே வகை ஃப்ளை. அளவு மட்டும் வேறு.

நான் அபர்டீனில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்தின் பெயர் சரியாக இருந்தாலும் அளவு தவறினால் பயனில்லை என்பதை நாள்தோறும் பிறருக்குச் சொல்பவள். மாத்திரையின் நிறத்தைப் பார்த்து யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. ஃப்ளையை மட்டும் நிறம் பார்த்து வாங்கிக் குவித்திருந்தேன். அந்த 83-இல் பாதிக்கு மேல் இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஒன்று இரண்டு, மூன்று பவுண்டு என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும், போடுவதில்லை.

ஃப்ளை என்றால் ஈ என்று பொருள். ஆனால் சால்மன் ஃப்ளை எந்த ஈயைப் போலவும் இருக்காது. முள்ளின் மேலோ சிறு குழாயின் மேலோ கட்டிய மயிரும் இறகும் மினுக்கு இழையும்தான் அது. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறியதும் சால்மன் இரை தேடுவதை நிறுத்திவிடுகிறது; வயிறே சுருங்கிப்போகிறது. முட்டையிடும் வரை கடலில் சேர்த்த கொழுப்பில்தான் அதன் காலம் ஓடுகிறது. அப்படிப்பட்ட மீன் ஃப்ளையைக் கவ்வுவது பசியால் அல்ல. எரிச்சல் என்கிறார்கள், பழைய பழக்கம் என்கிறார்கள், ஆளுக்கு ஒரு விளக்கம். ட்ரவுட் மீன் பிடிப்பவர் இன்று எந்தப் பூச்சி பறக்கிறது என்று பார்த்து அதைப்போல ஒன்றைத் தேடுவார். நமக்கு அந்த வேலை இல்லை. மூன்று கேள்விகள் போதும்: எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வேகத்தில்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

என் பையில் முதலில் கைக்கு வருவது ஃப்ளைப் பெட்டி அல்ல, நூலில் கட்டிய தெர்மாமீட்டர். கரையோரத் தேங்கலில் போடக்கூடாது. ஓடும் நீரில், நிழலில், இரண்டு நிமிடம் விட வேண்டும்.

தண்ணீர் 5, 6 டிகிரி செல்சியஸ் என்றால் மீன் மந்தமாகக் கிடக்கும். ஃப்ளைக்காக மேலே எழுந்து வராது. ஃப்ளைதான் அதன் மூக்குக்கு அருகே போக வேண்டும், அதுவும் மெதுவாக. இரண்டு அங்குலம், சில நாள் அதற்கும் மேல் நீளமான குழாய் ஃப்ளை, அமிழும் கயிறு. 7 முதல் 10 வரை இருந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு இறங்கலாம், அல்லது 6-ஆம் எண் முள். 10-ஐத் தாண்டியதும் ஆட்டம் மாறுகிறது: மிதக்கும் கயிறு, 8-ஆம் எண். கோடையில் 14-க்கு மேல் போனால் 10, 12 எண் முட்கள். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். நான் முதன்முறை தலைகீழாக வாங்கினேன். 20 டிகிரியைத் தொட்டால் கோலை மடக்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது கடினம்.

இந்த எண்களை எல்லை வேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீரைவிடக் காற்று குளிர்ந்திருக்கும் நாளில் மீன் மேலே வரத் தயங்கும். ஓர் அளவு பெரியதைக் கட்டி, கொஞ்சம் ஆழத்தில் விடுவேன். மேகம் மூடி, காற்று இதமாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் போவேன்.

அடுத்தது மட்டமும் நிறமும். ஆற்று மட்டங்களை ஸ்காட்லாந்து சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இணையத்தில் வெளியிடுகிறது. முந்தைய நாள் இரவே பார்த்துவிடுவேன். மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது மீனுக்கு நம்மைக் கவனிக்க நேரம் இருக்காது. ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் நேரம்தான் பொன்னானது. நிறத்தைப் பார்க்க எனக்கு ஒரு முறை உண்டு: முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து என் பூட்ஸின் முனையைத் தேடுவேன். தையல் வரை தெளிவாகத் தெரிந்தால் சிறியது, கறுப்பு, வெள்ளி. பால் கலக்காத தேநீர் நிறத்தில் பூட்ஸ் மங்கலாகத் தெரிந்தால் ஆரஞ்சும் மஞ்சளும் பொன் இழையும், ஓர் அளவு பெரிதாக. ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களிலிருந்து மழைக்குப் பிறகு இறங்கும் நீர் இப்படித்தான் இருக்கும். அது அழுக்கு இல்லை. பூட்ஸே தெரியாமல் சேறாக ஓடினால் வீட்டுக்குப் போய் வேறு வேலை பாருங்கள்.

ஆறு பெயர்கள்

பெட்டியைச் சுருக்கிச் சுருக்கி இப்போது ஆறு வகைகளில் நிறுத்தியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் மூன்று, நான்கு அளவு.

வில்லி கன்: கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மயிர் கலந்த சிறகு, கறுப்பு உடலில் பொன் இழை. பிப்ரவரி, மார்ச்சில் குழாய் வடிவில் இதை மட்டுமே கட்டிக்கொண்டு வாரங்கள் கழித்திருக்கிறேன். கில்லி என் கையில் வைத்த இரண்டும் இதுதான். காஸ்கேட்: அலி கோவன்ஸ் உருவாக்கியது. ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நீள வால், பாதி வெள்ளி பாதி கறுப்பு உடல். வசந்தம் முதல் பருவக் கடைசி வரை, எந்த நீரிலும் அவமானப்படுத்தாது. ஒரே ஒரு ஃப்ளைதான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவருடைய இன்னொரு படைப்பான அல்லீஸ் ஷ்ரிம்ப் இலையுதிர் காலத்துக்கு. சில்வர் ஸ்டோட்: ஸ்டோட் என்பது கீரியை ஒத்த சிறு விலங்கு; அதன் வால்நுனியின் கருமயிரால் கட்டத் தொடங்கியதால் அந்தப் பெயர். தெளிந்த கோடை நீரில் 12-ஆம் எண்ணில் இதை மிஞ்ச ஆளில்லை. சன்ரே ஷேடோ: நார்வேயிலிருந்து வந்தது, குழாயும் நீண்ட கறுப்பு மயிரும்தான், வேறு ஒன்றுமில்லை. மற்றவற்றை நீரோட்டமே நகர்த்தும். இதைக் கையால் வேகமாக இழுக்க வேண்டும். எல்லாம் போட்டுப் பார்த்து எதுவும் அசையாத மடுவில் கடைசியாக இதை ஓட்டுவேன். ரெட் ஃபிரான்சிஸ்: இறால் மீசைபோல நீட்டிய இழைகளுடன் கேரட் வடிவ உடல். ஐஸ்லாந்தில் இதற்குப் பெரிய மதிப்பு. எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்காது. ஆனாலும் இரண்டு வைத்திருக்கிறேன். மீன்களுக்கு என் ரசனை பற்றிக் கவலை இல்லை.

ஜாக் ஸ்காட் போன்ற 19-ஆம் நூற்றாண்டு ஃப்ளைகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்திருப்பீர்கள். இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்துக் கட்டிய நகை வேலை அது. அதன் பக்கவாட்டில் மெழுகுத்துளி ஒட்டியதுபோல் வெள்ளையும் மஞ்சளும் மின்னும் ஓர் இறகு இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு! விக்டோரியா காலத்தில் கப்பல் கப்பலாக வந்தது. இந்தியா ஏற்றுமதியைத் தடுத்துவிட்ட பிறகு, இங்கே வளர்க்கப்படும் பறவைகளின் இறகையோ பிளாஸ்டிக் போலியையோ பயன்படுத்துகிறார்கள். என் காஸ்கேட்களில் போலிதான். மீன் வேறுபாடு கண்டதாகத் தெரியவில்லை.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. டீயில் பிடித்த சால்மனையெல்லாம் திருப்பி விடுவதே நடைமுறை. அதனால் முள்முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். மூன்று கவர் முள்ளைத் தொடுவதில்லை, இரட்டை முள்தான். பஞ்சை உரசிப் பாருங்கள்: இழை மாட்டினால் எதிர்முள் இன்னும் இருக்கிறது. குழாய் ஃப்ளையில் முள் தனியாக, குழாயின் வால்பக்கம் இருக்கும். மீன் மாட்டியதும் குழாய், கயிற்றையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பின் வழியே மேலே நகர்ந்துவிடும். முள்ளை நெம்பிக் கழற்ற மீனுக்கு நெம்புகோல் கிடைக்காது. பிளாஸ்டிக் குழாய் மேலாக நீந்தும், அலுமினியம் நடுவில், பித்தளையும் செம்பும் கீழே. ஒரே வில்லி கன்னை மூன்று வகைக் குழாயில் வைத்திருந்தால் மூன்று ஆழம் கையில் இருக்கிறது.

பணத்தைக் கயிற்றில் போடுங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கோலுக்கு அறுநூறு பவுண்டு கொடுத்துவிட்டுக் கயிற்றில் மிச்சம் பிடிப்பார்கள். ஃப்ளைக்கு எடையே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு போவது கயிற்றின் எடை. அந்த எடைதான் கோலை வில்லாக வளைக்கிறது. எடை பொருந்தாவிட்டால் உலகின் சிறந்த கோலும் விளக்குமாற்றுக் குச்சி.

எனக்கு நடந்தது இது. 14 அடி, 9-ஆம் எண் இரட்டைக்கைக் கோல் வாங்கினேன் (கோலின் எண், அதற்குப் பொருந்தும் கயிற்றின் எடை வகையைச் சொல்வது). கடைக்காரர், அவர் பெயர் எதற்கு, "இது அதற்குப் பொருந்தும்" என்று ஒரு கயிற்றையும் கையில் கொடுத்தார். இரண்டு மாதம் வீசினேன். கயிறு ஒவ்வொரு முறையும் சோர்ந்து, வளையம் வளையமாக என் முன்னாலேயே விழுந்தது. தோளில் வலி வந்தது. வயதாகிவிட்டது, இந்தக் கலை எனக்கு வராது என்றே முடிவு செய்திருந்தேன். ஒருநாள் மாலை ஏதோ சந்தேகத்தில் கயிற்றின் தலையை, அதாவது முன்னால் இருக்கும் கனமான பகுதியை, சமையலறைத் தராசில் சுருட்டி வைத்தேன். 29 கிராம். கோலின் பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை அதன்பிறகுதான் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 36 கிராம். சரியான தலையை மாட்டிய அன்று மூன்றாவது வீச்சிலேயே கயிறு நேர்க்கோடாக நீண்டு எதிர்க்கரைப் பக்கம் விழுந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், மடுவின் மறுபக்கம் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கயிறு வாங்கும்போது எண்ணைக் கேட்காதீர்கள், கிராமைக் கேளுங்கள்.

ஒரு முழு மிதக்கும் கயிறு, ஓர் அமிழும் தலை, அவற்றின் நுனியில் மாட்டக்கூடிய அமிழும் நுனிகள் இரண்டு, மூன்று. இவ்வளவு இருந்தால் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஓட்டலாம். நுனிகளின் உறைமேல் விநாடிக்கு எத்தனை அங்குலம் அமிழும் என்று போட்டிருக்கும். ஒன்றரையும் மூன்றும் ஐந்தும் வைத்திருக்கிறேன்.

கோலுக்கு அகலமான ஆறென்றால் 13 முதல் 15 அடி வரை இரட்டைக்கைக் கோல். பின்னால் மரங்கள் நெருங்கி நிற்கும் கரைகளில் கயிற்றைப் பின்னே பறக்கவிட இடம் இருக்காது; கயிற்றை நீரில் ஊன்றி முன்னே உருட்டி வீசும் முறை அதற்காகப் பிறந்தது. ஸ்பே ஆற்றின் பெயரே அதற்கு. இதில் ஒரே ஒரு பாதுகாப்பு விதி: காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கயிற்றை ஊன்ற வேண்டும். காற்று மேலாற்றை நோக்கி அடித்தால் ஒற்றை ஸ்பே என்ற வீச்சு, கீழாற்றை நோக்கி அடித்தால் இரட்டை ஸ்பே வீச்சு. மறந்தால் முள் கன்னத்தில் இருக்கும். கோடையில் சிற்றாறுகளுக்கு 10 அடி ஒற்றைக்கைக் கோல், 7 அல்லது 8-ஆம் எண், அது போதும். ரீலைப் பற்றிப் பேச அதிகமில்லை: கயிற்றுக்குக் கீழே 150 மீட்டர் அடிக்கயிறு கொள்ள வேண்டும், கயிறு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் தடை சீராக வழுக்க வேண்டும், இடறி இடறி விடக்கூடாது.

கயிற்றுக்கும் ஃப்ளைக்கும் நடுவே நரம்பு. மிதக்கும் கயிற்றில் கோல் நீளத்துக்கு, 12 முதல் 15 பவுண்டு வலிமை. அமிழும் கயிற்றில் நான்கைந்து அடிக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் கயிறு கீழே போகும், ஃப்ளை மேலே மிதக்கும். அமிழும் கயிறு வாங்கிய காசு வீண். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்து இறுகினால் நரம்பு சூடேறி நைந்துவிடும். காற்றில் தானாக விழும் சிறு முடிச்சைக் கண்டால் உடனே வெட்டி மறுபடி கட்டுங்கள்.

கட்டியாயிற்று, இனி

45 டிகிரி சாய்வில் கீழாற்றை நோக்கி வீசி, கயிற்றின் நடுப்பகுதியை மேலாற்றுப் பக்கம் ஒருமுறை புரட்டிப் போட்டு, ஃப்ளை நிதானமாகக் குறுக்கே வந்து கரையோரம் தொங்கும் வரை காத்திருந்து, ஓர் அடி இறங்கி, மறுபடி. குளிர்நீரில் இன்னும் கீழாற்றுப் பக்கமாக வீசி மெதுவாக்கலாம். வெதுநீரில் நேராகக் குறுக்கே வீசி வேகமாக்கலாம்.

ஒரு மே மாத மாலை, 8-ஆம் எண் காஸ்கேட் மடுவின் வாலைக் கடந்துகொண்டிருந்தது. விரலுக்கடியில் கயிறு கனத்தது. கனத்தது என்பதுதான் சரி. சுண்டவில்லை, யாரோ ஈரத்துணியை மெல்ல மேலே போட்டதுபோல. நான் கோலை மேலே வெட்டி இழுத்தேன். ஃப்ளை என் காதருகே விசிலடித்து வந்து சட்டையின் தலைமூடியில் குத்திக்கொண்டது. ஆற்றில் ஒரு பெரிய சுழி எழுந்து அடங்கியது. கில்லி என் பின்னால் வந்து முள்ளைக் கழற்றினார். "அது திரும்பட்டும். ரீல் பாடட்டும். அதுவரை நீங்கள் யாரோ, கோல் யாருடையதோ" என்றார். சால்மன் ஃப்ளையைக் கவ்வித் திரும்பிக் கீழே போகும்போது முள் தானாக வாயின் ஓரத்தில் பதியும். ஆகையால் கோலைத் தாழ்த்திப் பிடியுங்கள், கயிறு ரீலிலிருந்து நேராகப் போகட்டும், எடை முழுதாக வந்த பிறகு நிதானமாக உயர்த்துங்கள். எழுத எளிது. இன்றும் பத்தில் மூன்று முறை என் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

பெரிய மீனுக்குப் பெரிய உடல்பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். 1922-இல் டே ஆற்றில் 64 பவுண்டு சால்மனைக் கரையேற்றியவர் ஜார்ஜினா பாலன்டைன். பிரிட்டனில் கோலால் பிடித்தவற்றில் அதுவே இன்றுவரை பெரியது. அவர் பிடித்தது இரை மாட்டிய தூண்டிலில். ஃப்ளையில் பிடித்ததற்கு 1924-இல் டெவரான் ஆற்றில் திருமதி மோரிசன் பிடித்த 61 பவுண்டு மீன் இருக்கிறது.

போகும் முன் சட்டத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில், எல்லைப்புற எஸ்க் ஆறு தவிர, கோலுக்கு அரசு உரிமச்சீட்டு தேவையில்லை. ஆனால் அந்தக் கரைப்பகுதியின் மீன்பிடி உரிமையாளரிடம் அனுமதி இல்லாமல் ஒரு வீச்சுகூட வீசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது குற்றம். ஏப்ரல் 1-க்கு முன் பிடிக்கும் எந்தச் சால்மனையும் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும், மூன்றாம் தரம் என்று அந்த ஆண்டு வகைப்படுத்தப்பட்ட ஆறுகளில் எல்லாவற்றையும் விட வேண்டும். கோலால் பிடித்ததை விற்கவும் முடியாது. பருவமும் ஆற்றுக்கு ஆறு வேறு: டீயில் பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரை, ஸ்பேயில் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. நார்வேயிலோ வேறு நாட்டிலோ பயன்படுத்திய கருவிகளைக் கிருமிநீக்கி, முழுக்க உலர்த்தாமல் இங்கே நனைக்காதீர்கள்; கைரோடாக்டைலஸ் என்ற ஒட்டுண்ணி அங்கே பல ஆறுகளின் சால்மன் இனத்தையே அழித்திருக்கிறது.

முடிச்சில்லாத வலை, நீள மூக்குக் குறடு, ஒளித்தெறிப்பைத் தடுக்கும் கண்ணாடி, தானாக ஊதும் மிதவைச் சட்டை, ஊன்றுகோல். இவற்றில் எதையும் விட்டுவிட்டு ஆற்றில் இறங்க வேண்டாம். கண்ணாடி நீருக்குள் பார்க்க மட்டுமல்ல, அந்தக் காதருகே வந்த காஸ்கேட் நான்கு அங்குலம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும்தான்.

சனிக்கிழமை இரவு பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் வைத்துவிடுவேன். ஈரத்தோடு மூடிய பெட்டியில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். ஞாயிறு காலை ஒவ்வொரு முள்ளையும் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் கல்லில் தீட்டு; பிடித்தால் பெட்டிக்குள். துரு தெரிந்தால் எந்தப் பெயர் பெற்ற ஃப்ளையானாலும், முள்ளை வெட்டி எறிந்துவிட்டு மயிரை மட்டும் ஒரு டப்பாவில் போடுகிறேன்.